லாங் ரன் எவ்வளவு தூரம் போகணும்? அரை மாரத்தான் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நிற்காமல் 8 கிமீ ஓடுவேன். மூன்று மாசத்தில் முதல் அரை மாரத்தான் (21.1 கிமீ). லாங் ரன், அதாவது வாரத்துக்கு ஒரு நாள் ஓடும் நீண்ட ஓட்டம், எதுவரை போகணும்?

மூன்று மாசம் தாராளம். 8, 9, 10, அப்புறம் இறங்கி 8. பிறகு 11, 12, 13, மறுபடி இறங்கி 10. அதன் பின் 14, 15.5, 17, கடைசியாக 12. இது பன்னிரண்டு வாரம், பதின்மூன்றாவது வார முடிவில் பந்தயம். 17க்கும் பந்தயத்துக்கும் நடுவில் இரண்டு வாரம் இருப்பதைக் கவனியுங்கள், அந்த இடைவெளியில் யாரும் கை வைக்கக் கூடாது. நடுவில் இறங்கும் வாரங்களைத்தான் எல்லோரும் சோம்பேறித்தனம் என்று நினைத்துத் தாண்டிவிடுகிறார்கள். ஏறின தூரத்தைக் காலும் எலும்பும் உள்வாங்குவதே அந்த வாரத்தில்தான்.

இதெல்லாம் கிமீ கணக்கு. எனக்கு நேரக் கணக்குதான் பிடிக்கும். ஈஸி பேஸ், அதாவது அலட்டாமல் ஓடும் வேகம், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் உள்ளவர் 18 கிமீயை ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். 8 நிமிடக்காரருக்கு அதே 18க்கு 2 மணி 24 நிமிடம் ஆகும். தூரம் ஒன்றுதான், ஆனால் காலில் விழும் அடிகளின் எண்ணிக்கை ஒன்றல்ல. முதல் அரை மாரத்தானுக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டி நிறுத்துங்கள், மெதுவாக ஓடுபவர் இரண்டரை வரை போகலாம். அதற்கு மேல் போனால் பலன் கொஞ்சம், அசதி நிறைய, அடுத்த மூன்று நாள் ஓட்டமும் கெட்டுப்போகும்.

அப்புறம், வலி மாத்திரை போட்டுக்கொண்டு லாங் ரன் போகாதீர்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: லாங் ரன் வாரத் தூரத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாமே? நான் வாரம் மூன்று நாள்தான் ஓடுகிறேன்.

மூன்று நாள் ஓட்டத்தைச் சமமாகப் பிரித்தாலே ஒவ்வொன்றும் 33 சதவீதம் வந்துவிடுகிறதே! அந்த விதி ஐந்தாறு நாள் ஓடுபவர்களுக்கு. உங்களுக்குப் பாதியை ஒட்டி வந்தாலும் பரவாயில்லை, ஆனால் வாரநாள் ஓட்டம் இரண்டையும் 3 கிமீயில் முடித்துவிட்டு ஞாயிறன்று 16க்குக் கிளம்பாதீர்கள். வாரநாளில் 6, 8 என்று இருக்கட்டும். முடிந்தால் நாலாவது நாள் சேருங்கள், எவ்வளவு சின்ன ஓட்டமானாலும் சரி.

கேள்வி: லாங் ரன் என்ன வேகம்?

முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் வேகம் அதிகம். பெரும்பாலானோருக்குப் பந்தய வேகத்தைவிட கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் போல மெதுவாக வரும்.

கேள்வி: பந்தயத்துக்கு முன் ஒரு தடவையாவது 21 முழுசாக ஓடிப் பார்க்க வேண்டாமா?

வேண்டாம். அனுபவம் உள்ளவர்கள் பயிற்சியில் 22, 24 என்று ஓடுவார்கள், அவர்களுடைய வாரத் தூரம் அதைத் தாங்கும். முதல் முறை ஓடுபவர் 16, 17 நன்றாக ஓடினால் போதும். பந்தயத்தன்று ஓய்வெடுத்த கால், வயிற்றில் ஆகாரம், சுற்றிலும் ஆட்கள் எல்லாம் சேர்ந்து மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: 21 ஓடிப் பார்த்தால்தானே மனதுக்குத் தைரியம் வரும் மேடம்?

மேலே பாருங்கள்.

கேள்வி: வாரத்துக்கு 10 சதவீதம் மட்டும் கூட்டு என்கிறார்களே, அது உண்மையா?

அப்படிச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. 2008இல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில், புதிதாக ஓடுபவர்களில் ஒரு குழு 10 சதவீத விதிப்படி மெதுவாகவும் இன்னொரு குழு வேகமாகவும் தூரத்தை ஏற்றியது. காயம் இரண்டிலும் கிட்டத்தட்ட சமம், ஐந்தில் ஒருவருக்கு. ஆனால் 2025இல் 5,200 பேரை வைத்து வந்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது: வாரக் கணக்கைவிட, கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தை ஒரே ஓட்டத்தில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டுவதுதான் காயத்தோடு சேர்ந்து வருகிறது. இரட்டிப்பாக்கியவர்களுக்கு ஆபத்தும் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: போன ஒரு மாசத்தில் உங்கள் நீளமான ஓட்டம் எது?

கேள்வி: அப்படியானால் நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். 17 ஓடியவர் பந்தயத்தில் 21.1 ஓடினால் அது 24 சதவீதம் கூடுதல். உங்கள் ஆய்வே தப்பு என்கிறது!

அடடா, இதுதான் கேள்வி. கணக்கு சரி. பந்தயம் ஒரு தாவல்தான், ஆபத்து உள்ள தாவல். ஆனால் அது ஒரே ஒரு நாள். முன்னால் இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்திருப்பீர்கள், பின்னால் ஓய்வு காத்திருக்கிறது. அதே தாவலைப் பயிற்சிக்குள் கொண்டுவந்தால், அசந்த காலோடு தாவிவிட்டு மூன்றாம் நாளே மறுபடி ஓட வேண்டும். அதோடு, அந்த ஆய்வில் யாரையும் இவ்வளவு ஓடு என்று சொல்லி ஓடவைக்கவில்லை. அவரவர் ஓடியதைக் கைக்கடிகாரத்தின் பதிவிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள்.

கேள்வி: (அதே நபர்) சமாளிக்கிறீர்கள். 19 வரை ஏற்றிவிட்டால் தாவல் 11 சதவீதம்தானே?

சமாளிக்கவில்லை. இரண்டரை மணிக்குள் 19 முடியுமென்றால் போங்கள், அதற்கு வாரங்களும் இருந்தால். 8 நிமிடக்காரருக்கு 19 என்பது 2 மணி 32 நிமிடம், அவரை நான் அனுப்ப மாட்டேன். அவர் 17இல் நிறுத்தி, பந்தயத்தில் ஆரம்பத்திலிருந்தே அவ்வப்போது ஒரு நிமிடம் நடந்து காலுக்கு ஓய்வு கொடுக்கட்டும். உங்கள் வேகம் என்ன என்று சொல்லாமலேயே வாதாடுகிறீர்கள்.

கேள்வி: (அதே நபர்) 5:40.

அப்படியானால் 19 உங்களுக்கு 1 மணி 48 நிமிடம். தாராளமாக ஓடுங்கள் தம்பி! இதை முதலிலேயே சொல்லியிருந்தால் சண்டையே இல்லை.

கேள்வி: வேகம் கூட்ட நினைப்பவர்களுக்கும் இவ்வளவு தூரம் எதற்கு?

பீட்டர் ஸ்னெல் 1960, 1964 ஒலிம்பிக் இரண்டிலும் 800 மீட்டரில் தங்கம் வாங்கியவர். அவருடைய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் அவரை வாரம் ஒரு நாள் 35 கிமீ மலைப்பாதையில் ஓடவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகாத பந்தயத்துக்கு! நீங்கள் அதைச் செய்ய வேண்டாம், எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: காலையில் 9, மாலையில் 8 என்று பிரித்தால் 17 கணக்கில் வருமா?

தூரக் கணக்கில் வரும், லாங் ரன் கணக்கில் வராது. 12 கிமீ தாண்டி, கால் கனத்த பிறகும் ஓடுகிறீர்களே, அந்தப் பகுதிக்காகத்தான் லாங் ரன்.

கேள்வி: வழியில் ஜெல் (ஓடும்போது சாப்பிடும் மாவுச்சத்துக் கூழ்) எடுக்கணுமா?

75 நிமிடத்துக்குள் முடிந்தால் வேண்டாம். அதற்கு மேல் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பந்தயத்தில் எடுக்கப் போவதையே லாங் ரன்னில் எடுத்துப் பழகுங்கள், இல்லாவிட்டால் வயிறு பந்தயத்தன்றுதான் பேசும். தண்ணீர் தாகத்துக்கு மட்டும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கும், அது விளையாட்டல்ல.

கேள்வி: முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு இந்த வார 15ஐ முடிக்கலாமா?

கூடாது. எலும்பில் விரிசலாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மாத்திரை வலியை மறைக்கும், விரிசலை மறைக்காது. ஐபுப்ரோஃபென் வகையாக இருந்தால், உடம்பில் தண்ணீர் குறைந்த நிலையில் ஓடும்போது சிறுநீரகத்துக்கும் கெடுதி.

கேள்வி: காய்ச்சலில் இரண்டு வாரம் போய்விட்டது. விட்டதைப் பிடிக்க 16க்குத் தாவலாமா?

விட்டது விட்டதுதான். முழுசாகத் தேறிய பின் பாதித் தூரத்தில் ஆரம்பித்து ஏறுங்கள்.

கேள்வி: முழு 21ஐயும் ஒரு தடவை...

இல்லை!

கேள்வி: கைக்கடிகாரம் 16.94 காட்டுகிறது. 17 ஆக்க வாசலிலேயே சுற்றணுமா?

வேண்டாம், உள்ளே போய்ச் சாப்பிடுங்கள்.