1871-ல் காணாமல் போன தாத்தா: முன்னோரைத் தேடுவோர் கேள்வி பதில்

விக்டோரியா ராணி காலத்து (1837–1901) முன்னோரைத் தேடுபவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும், அதை யார், எதற்காக எழுதினார்கள் என்று முதலில் கேளுங்கள். அதில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கேள்வி (ஹாரோ, லண்டன்): அக்கா, என் கணவரின் எள்ளுத்தாத்தா 1861 சென்சஸிலும் 1881 சென்சஸிலும் குடும்பத்தோடு இருக்கிறார். 1871-ல் மட்டும் யாருமே இல்லை. வெளிநாடு போயிருப்பார்களா?

போயிருக்கலாம். ஆனால் அந்த முடிவுக்குக் கடைசியில் வாருங்கள். அந்தக் கால இங்கிலாந்து சென்சஸில் நமக்குக் கிடைப்பது வீட்டுக்காரர் நிரப்பிய படிவம் இல்லை. கணக்கெடுப்பாளர் அதைப் பார்த்துப் பிரதி எடுத்த நோட்டுதான். நூறு வருஷம் கழித்து அதை இன்னொருவர் படித்துக் கணினியில் ஏற்றியிருக்கிறார். இத்தனை கை மாறினால் பெயர் சிதையத்தான் செய்யும். ஹாரிஸ், ஆரிஸ் ஆகியிருக்கும். இது போதாதென்று, லண்டன் தலைமை அலுவலக எழுத்தர்கள் எண்ணிக் கூட்டும்போது வயதின் மேலேயே பென்சிலால் கோடு இழுத்துவிட்டார்கள். 3 என்பது 8 மாதிரி தெரியும்.

அதனால் குடும்பப் பெயரைக் காலியாக விட்டுவிட்டு, முதல் பெயர், பிறந்த ஊர், வயதில் மூன்று வருஷம் முன்னே பின்னே என்று தேடுங்கள். ஜான், மேரி என்று தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். பிள்ளைகளில் யாருக்கு அபூர்வமான பெயரோ அந்தப் பிள்ளையைத் தேடுங்கள். ஒருவேளை தாய் விதவையாகி மறுமணம் செய்திருந்தால், பிள்ளைகள் மாற்றாந்தந்தையின் பெயரில் இருப்பார்கள். உங்கள் விஷயத்தில் தாத்தா 1881-ல் இருக்கிறார் என்பதால் அது பொருந்தாது. மற்றவர்கள் மறக்கக் கூடாது.

அதற்கும் சிக்கவில்லையா? 1870, 1871 வாக்கில் பிறந்த பிள்ளை இருந்தால் அதன் பிறப்புச் சான்றிதழை வாங்குங்கள். அதில் முகவரி இருக்கும். அந்தத் தெருவைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஒரு கட்டடம் முடியும் இடத்தில் இரட்டைச் சாய்கோடு, அதே கட்டடத்தில் ஒரு குடித்தனம் முடியும் இடத்தில் ஒற்றைச் சாய்கோடு போட்டிருப்பார்கள். ஒரே வீட்டில் மூன்று, நான்கு குடித்தனம் இருப்பது லண்டனில் சாதாரணம்.

இன்னொன்று: 1871 ஏப்ரல் 2-ம் தேதி இரவு யார் எங்கே தூங்கினார்களோ, அங்கேதான் பெயர் இருக்கும். துறைமுகக் கப்பல், சிறை, மருத்துவமனை, ஏழைகள் விடுதியான ஒர்க்ஹவுஸ் எல்லாவற்றுக்கும் தனிப் பக்கங்கள் உண்டு. மனநோய் விடுதிகளில் சில சமயம் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும்தான் எழுதினார்கள். அங்கே வயது, தொழில், பிறந்த ஊரை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

கேள்வி: 1841 சென்சஸில் வயது 30, 1851-ல் 44. எது பொய்?

இரண்டுமே சரியாக இருக்கலாம். 1841-ல் பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். அந்த வருஷ சென்சஸில் உறவுமுறையும் கிடையாது. ஒரே வீட்டில் இருக்கும் பெண் மனைவியா தங்கையா என்று அதை மட்டும் வைத்துச் சொல்லாதீர்கள்.

கேள்வி (டொரண்டோ): என் மனைவியின் முன்னோர் 1870-களில் லிவர்பூலில் கப்பல் ஏறியதாக வீட்டில் சொல்கிறார்கள். பிரிட்டிஷ் கப்பல் பயணிகள் பட்டியலில் பெயரே இல்லையே?

இருக்காது தம்பி. பிரிட்டனை விட்டுக் கிளம்பியவர்களின் பட்டியல் 1890-லிருந்துதான் இருக்கிறது. வந்து இறங்கியவர்களுக்கு 1878-லிருந்து. அதற்கு முன்பு போனவரைப் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் தேட வேண்டும். அமெரிக்காவில் 1820-லிருந்தே வருகைப் பட்டியல் உண்டு. நியூயார்க்கில் குடியேற வந்தவர்களைப் பதிவு செய்த எல்லிஸ் தீவு நிலையம் திறந்தது 1892-ல்தான். உங்கள் ஆள் நியூயார்க்கில் இறங்கியிருந்தால் அதற்கு முன்பிருந்த 'காசில் கார்டன்' நிலையம் வழியாகப் போயிருப்பார். கனடாவின் கியூபெக் துறைமுகத்துக்கு 1865-லிருந்து பட்டியல் இருக்கிறது. அங்கே இறங்கி ரயிலில் அமெரிக்கா போனவர்களும் நிறைய. இரண்டையும் பாருங்கள். அவர் சிறுவனாக, பெற்றோர் இல்லாமல் வந்திருந்தால், 1869-லிருந்து ஆதரவற்ற பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பிய திட்டங்களையும் சேர்த்துத் தேடுங்கள். அவர்களுக்கு கனடா தேசியக் காப்பகத்தில் தனி அட்டவணை உண்டு.

கேள்வி (பர்மிங்காம்): பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு ஒருவர் மாயமாகிவிட்டார். இறப்புப் பதிவும் இல்லை. எங்கே தேடுவது?

செய்தித்தாளில். 1855-ல் செய்தித்தாள் முத்திரை வரியை எடுத்ததும் சின்னச் சின்ன ஊரிலெல்லாம் பத்திரிகை வந்துவிட்டது. கோர்ட்டு, கடன், விபத்து, குடிபோதைச் சண்டை எதையும் அவை விடவில்லை. குடும்பத்தைக் கைவிட்டவரை அரசாங்கம் சும்மா விடாது. மனைவியும் பிள்ளைகளும் ஏழை நிதியில் கைவைத்தால் செலவு ஊரின் தலையில் விழும். அதனால் ஆளைத் தேடி விளம்பரம் கொடுப்பார்கள். உயரம், தலைமுடி நிறம், கடைசியாக வேலை பார்த்த இடம் எல்லாம் அதில் வரும்.

அப்புறம் வேறு ஊரில் இரண்டாம் கல்யாணம் ஆகியிருக்கிறதா பாருங்கள். நீதிமன்றத்தில் விவாகரத்து வாங்கும் வழி 1858-ல்தான் வந்தது. அதுவும் கூலிக்காரருக்கு எட்டாத செலவு. எனவே பலர் பேசாமல் ஊர் மாறி, 'மனைவியை இழந்தவர்' என்று எழுதிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். பெயரை மாற்றினாலும் தொழிலையும் பிறந்த ஊரையும் பெரும்பாலும் மாற்றவில்லை. அந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு சென்சஸில் தேடுங்கள்.

இறப்புச் சான்றிதழ் எப்போதாவது கிடைத்தால் 'தகவல் தந்தவர்' என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே உறவினர் பெயருக்குப் பதிலாகக் கொரோனர் (சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) என்று இருந்தால், மரண விசாரணை நடந்திருக்கிறது. கொரோனரின் காகிதங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. ஆனால் அந்த வார உள்ளூர்ப் பத்திரிகையில் சாட்சிகள் பேசியது வரை வந்திருக்கும். கணினித் தேடலில் பெயர் சிக்காவிட்டால் தெருப் பெயரைப் போடுங்கள்.

கேள்வி (போத்தனூர்): நாங்கள் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். பாட்டியின் பாட்டனார் பட்டாளத்துக்காரர். இங்கிருந்து எப்படித் தொடங்குவது?

இந்தியாவில் அந்தக் கால சென்சஸின் பெயர்ப் பட்டியல்கள் இல்லை. உங்களுக்குச் சர்ச் பதிவேடுதான் எல்லாம். மதராஸ் மாகாண ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல் லண்டனுக்குப் போனது. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கத்தோலிக்கப் பதிவுகள் பல போகவில்லை. அப்படியென்றால் பங்குச் சர்ச்சிலேயே நேரில் கேட்க வேண்டும். பிள்ளையின் ஞானஸ்நானப் பதிவில் தந்தையின் பதவியும் ரெஜிமெண்டும் இருக்கும். ரெஜிமெண்ட் தெரிந்தால் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசியக் காப்பகத்தில் அவருடைய ஓய்வூதிய ஆவணம் இருக்கிறதா என்று பார்க்கலாம். அதில் பிறந்த ஊர் வரும். அவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்தவரானால் கியூவுக்குப் பதில் பிரிட்டிஷ் நூலகம்.

கேள்வி (டர்பன், தென்னாப்பிரிக்கா): எங்கள் முன்னோர் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். எங்களுக்கும் இந்த வழிகள் உதவுமா?

உங்களிடம் இருப்பது இவற்றையெல்லாம் விடச் சிறந்த பயணிகள் பட்டியல். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் டர்பன் வந்ததிலிருந்து 1911 வரை வந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். தோட்டத்தை விட்டு ஓடினால் ஆளை அடையாளம் காண வேண்டுமே, அதற்காக. அந்தக் கொடுமையான காரணத்தால்தான் இன்று உங்களால் ஊரைக் கண்டுபிடிக்க முடிகிறது.

முதலில் அந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிறகு வந்த திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு போன்றவற்றில் அது திரும்பத் திரும்ப வரும். ஊர்ப் பெயரை வாய்விட்டுச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியது அது. 'நார்த் ஆற்காடு' என்று இருந்தால் இன்றைய வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களோடு நிறுத்திவிடாதீர்கள். சித்தூர் 1911 வரை அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. உங்கள் கிராமம் இன்று ஆந்திராவில் இருக்கலாம்.

கேள்வி: எல்லாத் தளமும் பணம் கேட்கிறதே?

முதலில் இலவசமாக இருப்பதை முடித்துவிடுங்கள். இங்கிலாந்துப் பிறப்பு, இறப்பு, திருமண அட்டவணைக்கு ஃப்ரீபிஎம்டி, 1881 சென்சஸுக்கு ஃபேமிலிசர்ச், ஆஸ்திரேலியப் பத்திரிகைகளுக்கு ட்ரோவ், நியூஸிலாந்துக்கு பேப்பர்ஸ் பாஸ்ட். பிரிட்டனில் இருப்பவர்கள் உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள். பல நூலகங்களில் கட்டணத் தளங்களை அங்கேயே உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம். சந்தாவை ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள், தேட வேண்டியதை எழுதி வைத்துக்கொண்ட பிறகு.