மழைமானியில் 48, செயற்கைக்கோளில் 15: எதை நம்புவது?

ஒரே நாள் மழைக்கு மழைமானியும் செயற்கைக்கோளும் வேறு வேறு அளவு காட்டுகின்றனவே, மானியை மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். மலேசியாவில் உங்கள் சுங்கை சிப்புட் தோட்டத்தில் மானி 48 மி.மீ. காட்டும்போது ஐமெர்க் (IMERG, நாசாவின் செயற்கைக்கோள் மழைக் கணக்கு) 15 என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது ஐமெர்க்கைத்தான்.

அது மழையை நேராக அளப்பதில்லை. நிலப்பகுதியில், மேகத்துக்குள் இருக்கும் பனித்துகள்கள் நுண்ணலையைச் சிதறடிப்பதைப் பார்த்துத்தான் பெரும்பாலும் கீழே எவ்வளவு மழை என்று கணக்குப் போடுகிறது. இவ்வளவு பனிக்கு இவ்வளவு மழை என்பது மேகத்தைப் பற்றிய அனுமானம். கனத்த பனித்துகள்களை அதிகமாக உருவாக்கும் கணினி மேக மாதிரியை வைத்துக் கணக்கிட்டால், அதே சிதறலுக்குக் குறைந்த மழைதான் விடையாக வரும். மலையோரத்தில் பனி அதிகம் சேராத தாழ்ந்த மேகமும் நன்றாகவே கொட்டும். அதைச் செயற்கைக்கோள் எளிதில் தவறவிடும். உங்கள் ஊரைச் சுற்றி மலைதானே, இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் முதலில் தேதியைச் சரிபாருங்கள். ஐமெர்க் நாள் கணக்கு உலகப் பொது நேரப்படி, அதாவது நமக்குக் காலை 8 மணிக்குத் தொடங்குகிறது. 12ஆம் தேதி காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து கிராணி (தோட்ட எழுத்தர்) எழுதும் மானி அளவை 11ஆம் தேதிக் கோப்போடு ஒப்பிட வேண்டும். அப்புறம், சில மணி நேரத்தில் வரும் முதல் பதிப்பை விட்டுவிட்டு, மானி அளவுகளைச் சேர்த்துத் திருத்தி மாதங்கள் கழித்து வரும் இறுதிப் பதிப்பைப் பாருங்கள்.

இன்னொன்று, ஐமெர்க் வரைபடத்தின் ஒரு கட்டம் சுமார் 11 கி.மீ. அகலம், அந்தப் பரப்பு முழுவதற்கும் ஒரே எண்தான். சாயங்கால மழை ஒரு டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) கொட்டிவிட்டு அடுத்த டிவிஷனைத் தொடாமலே போகும். அதனால் ஒரு நாள் வித்தியாசத்தை வைத்து ஐமெர்க் எண்ணை மூன்றால் பெருக்கி உரம் போடும் நாளை முடிவு செய்துவிடாதீர்கள். மாத மொத்தங்களை ஒப்பிட்டுப் பார்த்து இங்கே போடுங்கள்.