ஒரே டேட்டாபேஸ் போதும் என்றால் வேலை கிடைக்காதா?

சியாட்டிலுக்கு வந்த புதிதில், ஒரு பெரிய ஆப்பை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்கும் சிஸ்டம் டிசைன் இன்டர்வியூவில் "ஒரு சர்வர், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் போதும்" என்று சொன்னதும் வேண்டாம் என்றுவிட்டார்கள், இனி காஃப்கா (செய்திகளை வரிசையில் வைத்துக் கடத்தும் மென்பொருள்), மைக்ரோசர்வீஸ் (ஆப்பைச் சிறு சிறு சேவைகளாகப் பிரிப்பது) என்று அடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. வாடகை, குளிர் ஜாக்கெட் எல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் இதை மட்டும் சொல்கிறேன்.

அடுக்காதீர்கள். எளிமையான பதில் குற்றமில்லை. அதற்கு எப்படி வந்தீர்கள் என்பது உங்கள் மனதுக்குள்ளேயே இருந்திருக்கும். எதிரே இருப்பவர் நீங்கள் பேசப் பேசக் குறிப்பெடுக்கிறார். பல கம்பெனிகளில் அந்தக் குறிப்பை வைத்துத்தான் பிறகு கூடி முடிவெடுக்கிறார்கள். சொல்லாத கணக்கு அதில் ஏறாது.

கணக்கைப் போர்டிலேயே போடுங்கள். தினமும் 10 லட்சம் பேர், ஆளுக்கு 10 ரிக்வெஸ்ட் (சர்வருக்குப் போகும் கோரிக்கை) என்றால் ஒரு கோடி. நாளுக்கு 86,400 விநாடி. ஆக விநாடிக்குச் சுமார் 116. உச்ச நேரத்தில் ஐந்து மடங்கு ஆனாலும் 600-ஐத் தாண்டாது. சாதாரண ரிக்வெஸ்ட் என்றால் ஒரு நல்ல மெஷின் தாங்கும். அது விழுந்தால் அதே தரவின் நகலை வைத்திருக்கும் ரெப்ளிகா இருக்கிறது. அப்புறம், இது எப்போது போதாமல் போகும், முதலில் எது திணறும், அப்போது எதை மாற்றுவீர்கள் என்று அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள். சீனியர் வேலைக்குப் பார்ப்பது இதைத்தான். இது இல்லையென்றால் ஒரு படி கீழே வைப்பார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள். சிலர் பெரிய டிசைனையே எதிர்பார்த்து வருவார்கள். "பயனர்கள் நூறு மடங்கானால் என்ன செய்வேன் என்று பேசட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள்.

2012-இல் ஃபேஸ்புக் வாங்க முன்வந்தபோது இன்ஸ்டாகிராமில் 13 பேர்தான், பயனர்களோ சுமார் 3 கோடி. ஜாங்கோ என்ற வெப் ஃபிரேம்வொர்க்கும் போஸ்ட்கிரெஸும் வைத்தே ஓட்டினார்கள். தேவை வந்தபோது அந்த டேட்டாபேஸையே ஷார்டுகளாக, அதாவது தரவைப் பல துண்டுகளாக, பிரித்துக்கொண்டார்கள்.

நம் ஆட்களிலேயே சிலர் டாலர் வாங்கிக்கொண்டு பெட்டி பெட்டியாக வரைந்த டிசைன் படத்தை மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம். இப்போது நானே இன்டர்வியூ எடுக்கிறேன். வரைந்த படத்தைக் காட்டி "இந்தக் க்யூ (வேலைகளை வரிசையில் நிறுத்தும் பகுதி) எதற்கு?" என்று கேட்டால் பாதிப் பேருக்குப் பதில் வருவதில்லை. நல்ல பிள்ளைகள், வீணாகப் போகிறார்கள்.

நான் வந்தது 2009-இல், ஊரெல்லாம் ஆட்குறைப்பு. எச்-1பி வேலை விசாவில் வேலை போனால், வேறு வேலை தேட இப்போதுள்ள 60 நாள் அவகாசம்கூட அன்று கிடையாது. அது 2017-இல்தான் வந்தது. சியாட்டில் பக்கத்து ரெட்மண்டில் நான்கு பேர் ஒரே அப்பார்ட்மெண்ட். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒருவன் வாய்விட்டுக் கணக்குப் போடுவான், மற்ற மூவரும் "ஏன்?" என்று குடைவோம். கூச்சமெல்லாம் போகாது என்று சொன்ன மூத்தவர்கள் இருந்தார்கள். எங்கள் நால்வருக்கும் போனது.