கோச்சுக்குக் காசு கொடுத்தால் கிளப்புக்குச் சிக்கல் வருமா?

கேள்வி: எங்கள் ஊர் வாலிபால் கிளப் சங்கமாகப் பதிவாகியிருக்கிறது. ஆறு வருடமாக ஒருவர் காசு வாங்காமல் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். கிளப்பின் துணைச் செயலாளரும் அவர்தான். இப்போது 30 பிள்ளைகள் வருகிறார்கள், மாதம் தலைக்கு 400 ரூபாய் வாங்குகிறோம். கோச்சுக்கு மாதம் 12,000 கொடுக்கலாம் என்கிறார்கள் பெற்றோர். ஒரு ஆலோசகரோ, சம்பளம் என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கட்ட வேண்டும், ‘மதிப்பூதியம்’ என்று பேப்பர் தயார் செய்துவிடலாம் என்று சொல்லி 15,000 கேட்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஆலோசகருக்கு 15,000 கொடுக்காதீர்கள். பி.எஃப். 20 பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு, இ.எஸ்.ஐ. 10 பேருக்கு. ஒரே ஒரு கோச்சை வைத்திருக்கும் கிளப்பை இந்த இரண்டையும் சொல்லிப் பயமுறுத்துகிறவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லை நன்றாகவே தெரிந்தவர்.

‘மதிப்பூதியம்’ என்ற சொல்லுக்கும் மந்திர சக்தி கிடையாது. போய்வரும் பஸ் கட்டணமும் பெட்ரோலும் கணக்குப்படி திருப்பிக் கொடுத்தால் அவர் தன்னார்வலர். அதற்கு மேல் மாதாமாதம் ஒரு தொகை போனால் அது கட்டணம், பெயர் என்ன வைத்தாலும். ‘பெட்ரோல் அலவன்ஸ் 3,000’ என்று பில் இல்லாமல் மொத்தமாகக் கொடுப்பதும் இதில்தான் சேரும். தேதி, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோமீட்டர், கையெழுத்து என நான்கு கட்டம் போட்ட ஒரு நோட்டு இருந்தால்தான் அது செலவு.

உங்களைத் தொடக்கூடிய விஷயம் டி.டி.எஸ்., அதாவது காசு கொடுக்கும்போதே வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது, அது ஒன்றுதான். விளையாட்டுப் பயிற்சியாளருக்குக் கொடுப்பதும் தொழில்முறைக் கட்டணம் என்று 2008-லேயே அறிவித்துவிட்டார்கள். ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிக்க வேண்டும். பான் எண் தராவிட்டால் 20. (2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. எண்ணைக் காட்டிக் குழப்புகிறவரிடம் விகிதத்தை மட்டும் கேளுங்கள்.)

இங்கேதான் பல கிளப்புகள் தடுக்கி விழுகின்றன. மாதம் 8,800 கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள் (12,000 ஏன் இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்). ஐந்து மாதம் ஒன்றும் பிடிக்கவில்லை. ஆறாவது மாதம் மொத்தம் 52,800. அப்போது தாண்டிய 2,800-க்கு மட்டும் பிடித்தால் போதாது, முழுத் தொகைக்கும் பிடிக்க வேண்டும்: 5,280. அந்த மாதம் கோச் கையில் 3,520 தான் விழும். அன்று மைதானத்தில் சண்டை. முதல் மாதத்திலிருந்தே 880 பிடித்துக்கொண்டு வந்தால் இந்த வம்பே இல்லை. பிடித்ததை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். அதற்கு கிளப் பெயரில் டான் எண் (வரி பிடிக்கிறவர்களுக்கான எண்) வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் நாளுக்கு 200 ரூபாய் ஏறும், பிடித்த வரித் தொகையைத் தாண்டாமல். மாதம் 880 பிடிக்கிற கிளப்புக்கும் பெரிய கம்பெனிக்கும் நாளுக்கு அதே 200 தான். இதைக் கேட்க ஆள் இல்லை.

கோச்சுக்கு வேறு பெரிய வருமானம் இல்லையென்றால், ரிட்டர்ன் போட்டு அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ‘15ஜி எழுதிக் கொடுத்தால் பிடிக்கவே வேண்டாம்’ என்று யாராவது சொல்வார்கள். அது வங்கி வட்டி போன்றவற்றுக்கு இருந்த படிவம், கோச் கட்டணத்துக்குச் செல்லாது.

அவருக்கு வேறு வேலை உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. ஊர்க் கிளப்புகளில் பெரும்பாலும் கோச் பக்கத்துப் பள்ளியின் பி.இ.டி. சார்தான். அரசுப் பள்ளி என்றால் கணக்கே வேறு. அரசு ஊழியர் முன் அனுமதி இல்லாமல் காசு வாங்கி வேறு வேலை பார்ப்பது நடத்தை விதிகளுக்கு விரோதம். காசு வாங்காமல், பள்ளி வேலை கெடாமல் செய்தால் தடையில்லை. போலீஸ், ரயில்வே, மின்வாரியம் என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனவர்களுக்கும் அவரவர் துறை விதி உண்டு. கோச் ஆசிரியர் என்றால், தன் தலைமையாசிரியர் வழியாக அனுமதி எழுதிக் கேட்கட்டும், கிளப்பின் கடிதத்தையும் இணைக்கட்டும். எந்தெந்த நாள், எத்தனை மணி, எவ்வளவு தொகை என்று அதில் இருக்கட்டும். கோப்பு மேலே போய்த் திரும்ப மாதக்கணக்காகும். கிராமத்துக்கு கிராமம் மைதானம் என்று மேடையில் பேசுகிறவர்கள், அந்த மைதானத்தில் மாலை ஐந்து மணிக்கு நிற்கிற வாத்தியாருக்கு ஒரு பக்க அனுமதியை ஒரு வாரத்தில் கொடுத்தால் என்ன?

அனுமதி வரும்வரை செலவை மட்டும் கொடுங்கள். ‘சார் வீட்டம்மா அக்கவுண்டில் போட்டுவிடலாமே’ என்ற யோசனை கட்டாயம் வரும். வேண்டாம். பயிற்சி கொடுக்காதவருக்குப் பயிற்சிக் கட்டணம் போட்டால் கிளப் கணக்கே பொய்க் கணக்காகிவிடும். நாளைக்கு யாராவது ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டால் அந்த பேங்க் என்ட்ரிதான் சாருக்கு எதிரான முதல் சாட்சி. வெள்ளைக் கவரில் கையில் கொடுப்பதும் அப்படித்தான்.

அடுத்து அவருடைய பதவி. கிளப் துணைவிதியை எடுத்துப் பாருங்கள். ‘நிர்வாகிகள் கௌரவப் பணியாற்றுவர்’ என்று ஒரு வரி அநேகமாக இருக்கும். துணைவிதியைத் திருத்தி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய அலைவதைவிட, அவர் துணைச் செயலாளர் பதவியை விட்டுவிடுவது சுலபம். கட்டணம் பற்றிய தீர்மானத்தின்போது அவர் கூட்டத்தில் இருக்கக்கூடாது. மினிட் புத்தகத்தில் அதையும் எழுதுங்கள்.

12,000 அதிகமா என்றால், அதிகம்தான். 30 பிள்ளைகளும் ஒழுங்காகக் கட்டினாலே வருவது 12,000. பந்துக்கும் வலைக்கும் என்ன மிஞ்சும்? மார்ச், ஏப்ரலில் பரீட்சை என்று பாதிப் பேர் வரமாட்டார்கள். மாதச் சம்பளமாகப் பேசாமல் ஒரு மாலைப் பயிற்சிக்கு 400 என்று பேசுங்கள். 22 மாலைக்கு 8,800. மழை பெய்து மைதானம் சேறானால் அந்த மாலைக்குப் பாதியா, முழுதா என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள்.

‘இத்தனை நாள் சும்மாதானே செய்தார், அப்படியே இருக்கட்டும்’ என்றும் சிலர் சொல்வார்கள். விருப்பத்தோடு செய்கிறவர் செய்யட்டும். ஆனால் வெளிப்படையாகக் காசு கொடுக்காத இடத்தில் மறைவாகக் காசு வரும் வழிகள் எனக்குத் தெரியும். ஜெர்சியிலும் ஷூவிலும் கடைக்காரர் கமிஷன். அப்புறம் சர்ட்டிபிகேட் புரோக்கர். ‘வெளி மாநிலத்தில் நேஷனல் டோர்னமென்ட், என்ட்ரி பீஸ் 8,000, போய் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை’ என்பார். தமிழ்நாட்டு அரசு வேலையில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருப்பது உண்மை. அங்கே கேட்பது உரிய படிவத்தில் சான்று. தேசியப் போட்டி என்றால் படிவம்-2, கையெழுத்து போட வேண்டியவர் அங்கீகாரம் பெற்ற மாநிலச் சங்கத்தின் செயலாளர். அங்கீகாரமில்லாத சங்கம் கொடுக்கிற தங்க எழுத்துக் காகிதத்தை பிரேம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான். பணம் கட்டுமுன் அந்தப் போட்டியை நடத்தும் தேசியச் சம்மேளனத்தின் பெயர் மத்திய அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இதனால்தான் ஒப்பந்தக் கடிதத்தில் ஒரு வரி வேண்டும் என்கிறேன்: ‘பெற்றோரிடம் போட்டி, உடை, சான்றிதழ் எதற்காகவும் பயிற்சியாளர் நேரடியாகப் பணம் வாங்கமாட்டார்.’ மற்றபடி ஒரு பக்கம் போதும். நாள், நேரம், தொகை, ஒரு மாத நோட்டீஸ். வலை, அதன் இரு ஓரத்திலும் கட்டும் ஆன்டெனா கம்பி ஜோடி, பந்துகள் யாருடையவை என்றும் எழுதுங்கள். பிரிந்து போகும்போது அடிதடி அதற்குத்தான் வரும்.

காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேளுங்கள். பிள்ளைகளோடு அவர் தனியாக இருக்காதபடி இன்னொரு பெரியவரும் இருக்கட்டும். ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் மறைத்தால், 2012 போக்சோ சட்டப்படி அதுவே குற்றம். ‘சேவை செய்கிறவரைச் சந்தேகப்படலாமா’ என்ற பேச்சு இதில் எடுபடாது.

மைதான கேட்டில் யாருடைய ஜிபே க்யூஆர் ஒட்டியிருக்கிறது என்று இன்று மாலையே போய்ப் பாருங்கள். கோச்சுடையதோ உங்களுடையதோ என்றால் கிழித்துவிட்டு கிளப் வங்கிக் கணக்கின் க்யூஆரை ஒட்டுங்கள். 30 பேர் கட்டுவது அவர் கணக்கில் விழுந்தால் அத்தனையும் அவர் வருமானமாகத் தெரியும், கிளப் கணக்கில் ஒரு ரூபாய்கூட இருக்காது. கோச்சுக்கு கிளப் கணக்கிலிருந்துதான் போக வேண்டும், அதுவும் பேங்க் வழியாக.