சாக்லேட் ஒத்துக்கொள்ளவில்லையா? கேள்வி பதில்

ஒவ்வாமைப் பிரிவில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சாக்லேட் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ.

கேள்வி: அக்கா, என் ஆறு வயது மகன் பிறந்தநாள் விழாவில் சாக்லேட் சாப்பிட்டான். பத்தே நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. இனி சாக்லேட்டைக் கண்ணில்கூடக் காட்டாதே என்கிறார் மாமியார். அது போதுமா? (ஈரோடு)

பதில்: போதாதும்மா. கோகோவே ஒத்துக்கொள்ளாமல் போவது மிக மிக அரிது. சாக்லேட்டோடு சேர்ந்து வரும் பால், முந்திரி, பாதாம், ஹேசல்நட், வேர்க்கடலை, வேஃபரில் உள்ள கோதுமை, இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

உங்கள் மகனுக்கு முந்திரி ஆகாது என்று வைத்துக்கொள்வோம். சாக்லேட்டை நிறுத்திவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பீர்கள். அடுத்த கல்யாணப் பந்தியில் பாயசம் வரும், குருமா வரும். பாயசத்தில் மிதக்கும் முந்திரியையாவது எடுத்துப் போடலாம். குருமாவில் அரைத்து ஊற்றியது கண்ணுக்கே தெரியாது. முந்திரி ஆகாதவர்கள் பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது, இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். அதனால்தான் "சாக்லேட் அலர்ஜி" என்று பெயர் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள் என்று எல்லோரிடமும் மன்றாடுகிறேன்.

அன்று கொடுத்தது எந்த சாக்லேட், கூடவே கேக், ஐஸ்கிரீம், மிக்சர் ஏதாவது சாப்பிட்டானா, எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். சாக்லேட் உறை கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு அலர்ஜி மருத்துவரிடம் போங்கள். தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனை, ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்புப் பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனை, இவற்றோடு நீங்கள் சொல்லும் விவரத்தையும் சேர்த்துத்தான் அவர் முடிவு செய்வார். "துளியூண்டு கொடுத்துப் பார்ப்போம்" என்ற சோதனை வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மகளுக்குப் பால் அலர்ஜி. டார்க் சாக்லேட்டில் பால் இல்லைதானே? உறையிலும் பால் என்று எழுதவில்லை. (சென்னை)

பதில்: அதை நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015-ல் வெளியிட்ட சோதனை முடிவைப் பாருங்கள். உட்பொருள் பட்டியலில் பாலைக் குறிப்பிடாத 88 டார்க் சாக்லேட்டுகளில் 51-ல் பால் இருந்தது. பால் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில்தான் டார்க் சாக்லேட்டும் பெரும்பாலும் ஓடுகிறது. சாக்லேட் கலவைக்கு ஈரம் ஆகாது, ஆகவே நாம் பாத்திரம் கழுவுவதுபோல் அந்த இயந்திரங்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடிவதில்லை.

நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2020 லேபிள் விதிகளின்படி பால், முட்டை, வேர்க்கடலை, கொட்டைகள், சோயா, கோதுமை போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள் போன்றவை இருந்தால் "கன்டெய்ன்ஸ்" என்று தனியாகக் காட்ட வேண்டும். "மே கன்டெய்ன்" (இருக்கலாம்) என்றும் ஒரு வரி இருக்கும். அலர்ஜி உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் அந்த வரியை "இருக்கிறது" என்றே படியுங்கள்.

கேள்வி: ஊட்டியில் கிலோ கணக்கில் விற்கும் ஹோம்மேட் சாக்லேட்? (திருப்பூர்)

பதில்: அலர்ஜி இல்லாதவர்கள் தாராளமாகச் சாப்பிடுங்கள். கொட்டை அலர்ஜி இருந்தால் வேண்டாம். பாதாம், முந்திரி, அத்திப்பழம் எல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருக்கும். எடுப்பதும் வெட்டுவதும் ஒரே கை, ஒரே கத்தி. எடை போட்டுத் தரும் பொட்டலத்தில் படித்துப் பார்க்க லேபிளும் இருக்காது.

கேள்வி: சாக்லேட் சாப்பிட்டால் வயிறு உப்பிக் கடமுடா என்கிறது. அலர்ஜியா? (மதுரை)

பதில்: பால், ஐஸ்கிரீம் சாப்பிட்டாலும் அப்படித்தானா? ஆம் என்றால் பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காததாக இருக்கலாம். அவஸ்தைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. நெஞ்செரிச்சல் என்றால் அது வேறு. கோகோவில் உள்ள தியோபுரோமின் உணவுக்குழாயின் அடிவாயைத் தளர்த்துவதால் அமிலம் மேலே ஏறும். இரவில் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்காதீர்கள்.

கேள்வி: சாக்லேட் தின்ற மறுநாள் ஒற்றைத் தலைவலி நிச்சயம். (திருச்சி)

பதில்: தலைவலிதான் சாக்லேட்டைத் தேட வைத்ததா என்றும் யோசியுங்கள். மைக்ரேன் தொடங்கும் முன்பே, சிலருக்கு முதல் நாளே, இனிப்பின் மேல் ஆசை வரும், கொட்டாவி வரும். சாக்லேட்டையும், அதைப் போலவே ருசிக்கும் கேரப் என்ற மரக்காயில் செய்த இனிப்பையும் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு மாதம் தூக்கம், மாதவிடாய், சாப்பாடு மூன்றையும் குறித்து வாருங்கள். ஒவ்வொரு முறையும் சாக்லேட்டுக்குப் பிறகுதான் வலி வருகிறது என்றால் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: கவரிங் கம்மல் போட்டாலே காது புண்ணாகும். சாக்லேட் அதிகம் சாப்பிட்டால் உள்ளங்கையில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். சம்பந்தம் உண்டா மேடம்? (தூத்துக்குடி)

பதில்: உண்டு! இதைக் கவனித்துக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். கவரிங் நகையில் காதைப் புண்ணாக்குவது பெரும்பாலும் நிக்கல் என்ற உலோகம். கோகோவிலும் நிக்கல் அதிகம், முந்திரியிலும் சோயாவிலும் இருக்கிறது. நிக்கல் ஆகாதவர்களில் சிலருக்கு, சாப்பாட்டில் அது கூடும்போது கையில் இப்படிக் கொப்புளம் வரும். தோல் மருத்துவரிடம் முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். நிக்கலுக்குத் தோலில் குத்திப் பார்க்கும் சோதனை உதவாது.

கேள்வி: இருநூறு உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விளம்பரம் பார்த்தேன். (சேலம்)

பதில்: அது ஐஜிஜி சோதனையாக இருந்தால் பணத்தைக் கொட்டாதீர்கள். ஐஜிஜி என்பது நாம் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கான அடையாளம், அலர்ஜிக்கான சான்று இல்லை. அந்த அறிக்கையை நம்பிப் பால், கோதுமை, முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி எடை குறைந்துபோன குழந்தைகளைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன்.

கேள்வி: வீட்டில் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை வைத்திருக்கிறோம். அவசரத்துக்கு அது போதும்தானே? (கோவை)

பதில்: தோலில் அரிப்பு, தடிப்பு மட்டும் என்றால் உதவும். மூச்சு இரைப்பு, குரல் கம்மல், தொண்டை இறுக்கம், தொடர் வாந்தி, மயக்கம், இவற்றில் ஒன்று வந்தாலும் செட்டிரிசின் காப்பாற்றாது. அட்ரினலின் ஊசி வேண்டும், தொடைத் தசையில், தாமதமில்லாமல். மருத்துவர் எழுதிக் கொடுத்து வீட்டில் இருந்தால் அதைப் போட்டுவிட்டு 108-ஐ அழையுங்கள். இல்லையென்றால் உடனே 108. படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம், ஆனால் எழுந்து நடக்க விடாதீர்கள். சரியாகிவிட்டது என்று உடனே வீட்டுக்குக் கிளம்பவும் வேண்டாம். சில மணி நேரம் கழித்து இரண்டாம் முறை வருவதுண்டு, அப்போது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.