உறை இறக்குதல்

அன்புள்ள ஐயா,

ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பற்றிய உங்கள் கட்டுரையில், அதன் ஆல்ஃபா நஞ்சு ‘செல் சவ்வைத் துளைக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். எதைக் கொண்டு துளைக்கிறது? ஊசி முனை போல ஏதாவது உண்டா? விழுந்த ஓட்டையை மருந்தால் அடைக்க முடியுமா? சித்தர்களுக்கு இது தெரிந்திருக்குமா? நான் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு மாணவன். இதெல்லாம் ஆங்கிலத்தில்தான் புரிகிறது. தமிழில் சொல்ல வராது என்றே நினைக்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சித்தர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடுங்கள். ஊசி விஷயம் ஒரு வாரமாக என்னையும் குடைந்துகொண்டிருந்தது. ‘துளைக்கிறது’ என்று எழுதியது என் சோம்பேறித்தனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தமிழில் வராது என்கிறீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. உங்கள் ஊர்ப் பக்கம் யாரும் உறைக்கிணறு இறக்கிப் பார்த்ததில்லையா?

எங்கள் ஊர் மணல் பூமி. இரண்டடி தோண்டினால் மூன்றடி சரிந்து விழும். அப்பா கிணறு போட்டபோது எனக்குப் பத்து வயது. சிமெண்ட் உறையை மணல்மேல் வைத்து, ஒருவர் உள்ளே உட்கார்ந்து அதன் விளிம்புக்கு அடியில் பறிப்பார். வாளியில் மணல் மேலே வர வர, உறை தன் கனத்திலேயே ‘சர்’ரென்று கீழே இறங்கும். மேலே இன்னொன்றை வைப்பார்கள். உறை இல்லையென்றால் மாலைக்குள் குழி இருந்த இடமே தெரியாது.

செல் சவ்வும் அப்படிப்பட்ட பூமிதான். கொழுப்பு மூலக்கூறுகள் எண்ணெய் போல வழுக்கிக்கொண்டே இருக்கும். மெல்லிய ஊசியால் குத்தி எடுத்தால் மூடிக்கொள்ளும். ஓட்டை நிற்க வேண்டுமென்றால் உறை வேண்டும். அந்த உறையைத்தான் நஞ்சு செய்கிறது. தனி மூலக்கூறாக நீரில் மிதக்கும்போது அது சாது, கூர்மையான எதுவும் அதனிடம் கிடையாது. சவ்வின் மேல் வந்து ஒட்டியதும், ஏழு மூலக்கூறுகள் வட்டமாகக் கைகோத்துக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொன்றும் தன் உடம்பிலிருந்து ஒரு மடிப்பைச் சவ்வுக்குள் இறக்கும். மடிப்புக்கு இரண்டு இழை, ஆக 14 இழை. பலகைகளை நெருக்கி நிறுத்திய பீப்பாய் மாதிரி. பீப்பாயின் வெளிப்பக்கம் கொழுப்போடு ஒட்டும், உள்பக்கம் நீருக்கு வழிவிடும். 1996-இல் எக்ஸ் கதிர்ப் படிகவியலில் இந்த வடிவம் தெளிவானபோது, பக்கவாட்டில் பார்க்க அசல் காளான். மிகக் குறுகலான இடத்தில் வழி ஒன்றரை நானோமீட்டர்தான். மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு நானோமீட்டர்.

அவ்வளவு சின்ன வழி போதும். பொட்டாசியம் வெளியே ஒழுகும், கால்சியம் உள்ளே வரும். சிவப்பணுவாக இருந்தால் நீர் புகுந்து உப்பி வெடிக்கும். உங்கள் ஆய்வகத்தில் இரத்த அகார் தட்டை, அதாவது இரத்தம் கலந்த கூழில் கிருமி வளர்க்கும் தட்டை, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கிருமி கூட்டமாக வளர்ந்த மஞ்சள் புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வெளுத்து, கண்ணாடி போல ஒரு வட்டம் தெரியும். ஆயிரம் தடவை பார்த்து, ‘பீட்டா ஹீமோலைசிஸ்’ (சிவப்பணுக்கள் முழுதாக உடைவது) என்று நோட்டில் எழுதியிருப்பீர்கள். அந்த வட்டத்துக்குள் என்ன நடந்தது என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? ஆங்கிலத்தில் புரிந்தது என்று சொல்கிறீர்களே, அது புரிந்ததா, மனப்பாடமா?

திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். இரண்டாம் ஆண்டில் நானும் அப்படித்தான் எழுதினேன். 1928 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பண்டபர்க்கில் டிப்தீரியா தடுப்பூசிக் குப்பிக்குள் இந்தக் கிருமி வளர்ந்து, 12 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதைப் படித்த பிறகுதான் அந்த வட்டத்தைச் சரியாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

மருந்து கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். ஆன்டிபயாட்டிக் கிருமியைக் கொல்லும், இறக்கிய உறையைப் பிடுங்காது. கிளிண்டமைசின் மாதிரிச் சில மருந்துகள் கிருமி புதிதாக நஞ்சு தயாரிப்பதைக் குறைக்கும். மிச்சத்தை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள்.

எங்கள் கிணற்றுக்கு வாங்கியதில் ஓர் உறை மிஞ்சியது. அம்மா அதில் மண் நிரப்பிக் கறிவேப்பிலை வைத்தாள்.