சருகு: எங்கே விடலாம், எங்கே வாரலாம்

கேள்வி: வீட்டைச் சுற்றி இரண்டு மேப்பிள், ஒரு பெரிய ஓக், வேலியோரம் ஒரு ஆப்பிள் மரம். இலையுதிர் காலம் வந்துவிட்டால் புல்தரையே கண்ணுக்குத் தெரிவதில்லை. போன ஆண்டு முப்பது பைக்கு மேல் வாரிக் கட்டி வெளியே வைத்தோம், இடுப்பு ஒடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், "சருகை விட்டால் புல் செத்துவிடும், ஒன்றுவிடாமல் வாருங்கள்" என்கிறார். என் மகளோ, "தொடவே தொடாதீர்கள், பூச்சிகள் குளிர்காலத்தை அதற்குள்தான் கழிக்கின்றன" என்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் கேளுங்கள், ஆனால் வெவ்வேறு இடத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரர் புல்தரையை மனதில் வைத்துப் பேசுகிறார். உங்கள் மகள் மரத்தடியையும் புதர் ஓரத்தையும் நினைத்துப் பேசுகிறாள். மொத்தத் தோட்டத்துக்கும் ஒரே விதி என்று வைக்கும்போதுதான் சண்டை வருகிறது.

முதலில் சருகு என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மரம் இலையைச் சும்மா உதிர்ப்பதில்லை. உதிர்ப்பதற்கு முன் அதிலுள்ள தழைச்சத்திலும் (நைட்ரஜன்) மணிச்சத்திலும் (பாஸ்பரஸ்) ஏறக்குறையப் பாதியை உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய தடுப்பு உருவாகி, காற்று தொட்டாலே இலை கழன்றுவிடும். அதனால் கீழே விழுவதில் சத்தைவிட நாரும் கரிமமும்தான் அதிகம். சருகை உரமாக நினைத்துப் போட்டு ஏமாறுகிறவர்கள் உண்டு. அது செடிக்குச் சாப்பாடு போடாது. மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண்புழுவை வரவழைக்கும். அந்த வேலைக்கு அதை மிஞ்சிய பொருள் கிடையாது. மரம் ஆண்டுதோறும் வாசலில் கொண்டுவந்து கொட்டுவதைப் பையில் கட்டி வெளியேற்றுவது எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சலாகவே இருக்கும்.

சரி, புல்தரை. முழு இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, மழையில் நனைந்து, ஈரக் காகிதம் போல ஒட்டிக்கொண்டால் அடியில் இருக்கும் புல்லுக்கு வெளிச்சமும் இல்லை, காற்றும் இல்லை. பனி பெய்கிற இடமானால் அதன்மேல் பனியும் மூடும். வசந்தத்தில் எடுத்துப் பார்த்தால் பூஞ்சைத் திட்டு திட்டாகப் புல் வெளுத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பயப்படுவது இதற்குத்தான், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு வாரித்தான் ஆகவேண்டும் என்றில்லை. புல்வெட்டி இயந்திரத்தையே சருகின்மேல் ஓட்டினால் போதும்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1990களிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் சுமார் 15 செ.மீ. ஆழத்துக்குக் கிடந்த சருகைக்கூடப் பொடியாக்கிப் புல்லுக்குள்ளேயே விட்டதில் புல்லுக்குக் கெடுதல் வரவில்லை. மேப்பிள் இலைப் பொடி போட்ட இடத்தில் டாண்டிலயன் களை குறைந்ததையும் கவனித்தார்கள். உங்களிடம் இருப்பதோ இரண்டு மேப்பிள்!

செய்முறை எளிது. சருகு காய்ந்திருக்கும் நாளாகப் பாருங்கள். ஈரச் சருகு வெட்டுப்படாமல் கத்தியைச் சுற்றிக்கொள்ளும். குச்சி, கல், பொம்மை எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, புல் சேகரிக்கும் பையைக் கழற்றி வையுங்கள். கத்தியை 7-8 செ.மீ. உயரத்தில் வைத்து மெதுவாக ஒரு நடை, அப்புறம் குறுக்கே இன்னொரு நடை. இலை கட்டைவிரல் நகம் அளவுக்கோ அதைவிடச் சிறிதாகவோ உடைந்திருக்க வேண்டும். முடித்ததும் குந்தி உட்கார்ந்து பாருங்கள்: பொடிக்கு மேலே புல்லின் தலை பாதியாவது தெரிகிறதா? தெரிந்தால் விட்டுவிடலாம், மீதியை மண்புழுக்கள் பார்த்துக்கொள்ளும். தெரியவில்லை என்றால் அது புல் தாங்குகிற அளவைத் தாண்டிவிட்டது. அந்த மிச்சத்தை மட்டும் வாருங்கள்.

இதில் பலரும் செய்கிற தவறு, கடைசி இலை விழட்டும் என்று காத்திருப்பது. உங்கள் ஓக் அதற்குச் சரியான பொறி. மேப்பிள் கடகடவென்று கொட்டி முடித்த பிறகும் ஓக் பழுப்பு இலைகளை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். இளம் ஓக் என்றால் வசந்தம் வரைகூட விடாது. அது முடிக்கட்டும் என்று நீங்கள் உட்கார்ந்திருந்தால் அதற்குள் மேப்பிள் சருகு புல்மேல் பாயாக ஒட்டிக்கொண்டிருக்கும். இலை கொட்டும் நாட்களில் வாரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுவது, கடைசியில் ஒரு முழு வார இறுதியைப் பறிகொடுப்பதைவிட மேல்.

இப்போது வாரிய மிச்சம். இதை என்ன செய்யலாம் என்று கேட்பவர்கள் எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: கம்பிவலைக் கூடு கட்டுங்கள். நான்கு கம்பு, சுற்றிக் கோழிவலை, நீள அகலம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டர், உயரமும் அவ்வளவே. மூலையில் நிழலான இடம் போதும். சருகை அதில் கொட்டி, தண்ணீர் தெளித்து, மிதித்து அமுக்கி, மேலும் கொட்டுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்து போட்ட துணியின் ஈரம் கையில் தட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை. வெயில் காலத்தில் காய்ந்து போகாமல் ஒன்றிரண்டு முறை நனைத்தால் நல்லது. மலைபோல நிரப்பியது ஒரே ஆண்டில் கால்பங்காக இறங்கிவிடும்.

இடமில்லை என்றால் பிளாஸ்டிக் பையிலும் செய்யலாம். ஆனால் பையில் பத்துப் பன்னிரண்டு துளை போட மறக்காதீர்கள். நான் தோட்டம் போடத் தொடங்கிய காலத்தில் ஈரச் சருகைத் துளையில்லாத கறுப்புப் பைகளில் திணித்து, வாயை இறுகக் கட்டி, கொட்டகைக்குப் பின்னால் அடுக்கிவிட்டு மறந்துபோனேன். மறு ஆண்டு அவிழ்த்தபோது வந்த நாற்றத்தை இன்னும் மறக்கவில்லை. சருகை மட்கச் செய்வது பெரும்பாலும் பூஞ்சைதான். அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். காற்றை மறந்தால் அழுகல், ஈரத்தை மறந்தால் அப்படியே சருகு.

சரியாகச் செய்த கூட்டை ஒன்றரை, இரண்டு ஆண்டு கழித்துத் திறந்து பாருங்கள். மேலே ஒரு சாண் ஆழத்துக்கு இலை இலையாகவே இருக்கும். அதைத் தள்ளிவிட்டுக் கையை விட்டால் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை ஓடிய அடுக்கு. இலை நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சியிருக்கும். அதற்கும் கீழே காப்பித்தூள் நிறத்தில், விரலிடுக்கில் உதிர்கிற இலைமட்கு. முதல் மழை பெய்த காட்டு வாசனை. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை அது பிடித்து வைக்கும். சலித்து விதைத்தட்டுக்குப் போடலாம், பாத்தியில் இரண்டு மூன்று செ.மீ. பரப்பலாம். கடையில் வாங்குகிற எந்தக் கலவையையும்விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

மேப்பிள் இலை மெல்லியது, ஓர் ஆண்டில் இறங்கிவிடும். ஓக் இலையில் லிக்னின் என்ற, எளிதில் மட்காத கெட்டிப்பொருள் அதிகம். முழுசாகப் போட்டால் இரண்டு ஆண்டுக்கு மேலும் இழுக்கும். புல்வெட்டியால் ஒருமுறை பொடித்துப் போட்டால் அந்தக் காலம் நன்றாகவே குறையும். இவ்வளவு நாள் பொறுக்க முடியாதென்றால் கம்போஸ்ட் குவியலில் சேருங்கள்: மூன்று பங்கு சருகு, ஒரு பங்கு புதிதாக வெட்டிய புல் அல்லது சமையலறைக் காய்கறிக் கழிவு. சருகில் இல்லாத தழைச்சத்தைப் பச்சைக் கழிவு கொடுக்கும். குவியல் ஒரு கன மீட்டர் இருந்தால் உள்ளே சூடேறி, சில மாதங்களிலேயே மட்கிவிடும்.

ஓக் இலை மண்ணைப் புளிக்க வைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். புது இலை கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளதுதான். மட்கி முடிக்கும்போது அந்தப் புளிப்பு பெரும்பாலும் போய்விடும். கவனிக்க வேண்டியது கறுப்பு வால்நட் மரத்தைத்தான். அதன் இலையிலுள்ள ஜுக்லோன் என்ற பொருள் சில செடிகளை வாட்டும், அதனால் அதைப் பச்சையாகப் பாத்தியில் போடக்கூடாது. உங்களிடம் அந்த மரம் இல்லாததால் இதை இத்தோடு விட்டுவிடுவோம்.

இனி உங்கள் மகளின் பக்கம். அவள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஓக் இலையைத் தின்று வளரும் புழுக்களில் பல, கீழே இறங்கிச் சருகுக்குள்ளோ அதன் அடி மண்ணிலோதான் கூட்டுப்புழுவாகின்றன. சில அந்துப்பூச்சிகள் இலையையே சுருட்டிக் கூடு கட்டியிருக்கும். பார்த்தால் வெறும் காய்ந்த இலை என்றுதான் நினைப்போம். பம்பிள்பீ என்ற பருத்த தேனீ வகையின் ராணி, சருகு மூடிய மண்ணில் சில அங்குல ஆழத்தில் தனியே குளிர்காலத்தைக் கழிக்கும். வாரி வெளியே அனுப்பினால் இவையும் போயின. புல்வெட்டி ஓட்டினாலும் போயின. அதனால்தான் மரத்தடியில் பொடிக்காமல் முழு இலையாகவே விடச் சொல்கிறேன். ஓக் நிழலில் எப்படியும் புல் நோஞ்சானாகத்தான் இருக்கும், அதைக் காப்பாற்றப் போராட வேண்டாம். அடிமரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கிளை பரவிய அளவுக்குச் சருகுப் படுக்கையாக்கிவிடுங்கள். பத்து செ.மீ. ஆழம் வரை தாராளமாகக் கிடக்கலாம். ஆனால் அடிமரத்தின் பட்டையைத் தொடாதபடி ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஒட்டிக் குவித்தால் பட்டை ஈரம் கோத்து அழுகும், எலி வேறு உள்ளே புகுந்து பட்டையைக் கொறிக்கும். வசந்தத்தில் முதல் வெயில் அடித்தவுடன் அவசரப்பட்டுக் கிளறாமல், வெதுவெதுப்பு நிலைத்த பிறகு கைவையுங்கள்.

பூச்செடிப் பாத்திகளுக்கு மூடாக்காகப் போடுவதென்றால் பொடித்த சருகு 5 முதல் 8 செ.மீ. போதும். மேலே பரப்புங்கள், மண்ணோடு கலக்காதீர்கள். கலந்தால் அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும், செடி வெளிறும்.

உங்கள் பகுதியில் உண்ணிக் காய்ச்சல்கள் இருக்குமானால் மகளிடம் ஒரு சமரசம் செய்துகொள்ளுங்கள். உண்ணிக்கு ஈரச் சருகு பிடித்தமான இடம். குழந்தைகள் விளையாடும் இடத்தையும் நடைபாதை ஓரத்தையும் சருகில்லாமல் வைத்து, சருகுப் படுக்கைக்கும் புல்தரைக்கும் நடுவே ஒரு மீட்டர் அகலத்துக்கு மரச்சில்லு அல்லது சரளைப் பட்டை போடுங்கள். உண்ணி அந்தக் காய்ந்த பட்டையைத் தாண்ட விரும்பாது.

விட்டுவைக்கவே கூடாதது ஆப்பிள் சருகு. ஆப்பிளுக்கு வரும் சொறி நோயின் பூஞ்சை உதிர்ந்த இலையிலேயே குளிர்காலத்தைக் கழித்து, வசந்த மழையில் வித்துகளைத் தூவி, புதுத் துளிரைப் பிடிக்கும். இலையில் கருமையான பச்சைப் புள்ளிகள் தெரிந்தால் அந்த மரத்தடிச் சருகை மட்டும் தனியாக வாரி அப்புறப்படுத்துங்கள். கரும்புள்ளி நோய் வந்த ரோஜா இலைக்கும் இதே விதி. இவற்றைக் கம்பிவலைக் கூட்டில் போடாதீர்கள். அங்கே சூடு ஏறாது, நோயும் சாகாது. மேப்பிள் இலையில் தார் தெளித்ததுபோல் கறுப்புத் திட்டு பார்த்திருந்தால் பயப்பட வேண்டாம். அது கண்ணுக்கு அசிங்கமே தவிர மரத்துக்குப் பெரிய கேடில்லை.

தெருவோரம் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மழைத்தண்ணீரில் ஊறிய சருகிலிருந்து கஷாயம்போல மணிச்சத்து இறங்கி, வடிகால் வழியாக ஏரிக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். அமெரிக்காவின் மாடிசன் நகரில் நடத்திய ஆய்வில், தெருவிலிருந்து சருகை மழைக்கு முன் அகற்றிய பகுதியில், இலையுதிர் காலத்தில் மழைநீரோடு போகும் மணிச்சத்து 84 சதவீதம் குறைந்திருந்தது. கொளுத்துவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்: ஈரச் சருகு எரியாது, புகையும், அந்த நுண்துகள் நேராக நுரையீரலுக்குள் போகும். பல நகரங்களில் அதற்குத் தடையே உண்டு. கூரை வடிநீர்க் குழாயையும், ஈரச் சருகு வழுக்கும் படிக்கட்டையும் மட்டும் தள்ளிப் போடாமல் சுத்தம் செய்துவிடுங்கள்.

இடுப்பு வலிக்கு: வாரியதைக் குனிந்து அள்ளிப் பையில் திணிப்பதுதான் இடுப்பை முறிப்பது. தார்ப்பாயை விரித்து, காற்றடிக்கும் திசையிலேயே விசிறி ரேக்கால் அதன்மேல் இழுத்துவிட்டு, நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்துக் கூடுவரை இழுத்துச் செல்லுங்கள். தூக்கவே வேண்டாம். பழைய குவியலைக் கிளறும்போது பூஞ்சைத் தூள் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஆக இந்த வார இறுதிக்கு வேலை வரிசை இப்படி: முதலில் ஆப்பிள் மரத்தடி, அந்தச் சருகு தனிப் பையில். அடுத்து தெருவோரத்தில் கிடப்பதை ஓக் வட்டத்துக்குள் தள்ளுங்கள். அப்புறம் புல்வெட்டி, இரண்டு நடை. அதற்கும் மிஞ்சுவது கம்பிவலைக் கூட்டுக்கு. என் கணக்கில் வெளியே போக வேண்டியது ஆப்பிள் சருகு ஒன்றிரண்டு பைதான்.